கரடிக்குள் தண்ணீர் போகுமா?

எங்கள் பக்கத்தில் பனிக்கால பூட்ஸ் தைக்கும் வேலை கத்திரி வெயிலில்தான் நடக்கும். ஐரோப்பாவில் அக்டோபர் மாதம் கடைக்கு வரவேண்டிய சரக்கு அது. கப்பலில் போகும் காலத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏப்ரலிலும் மேயிலும் ஆம்பூரைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில் தைத்தாக வேண்டும். வெளியே தார் உருகும். உள்ளே பெண்கள் மடியில் கொழுகொழுவென்ற ரோமத்துணியைப் போட்டுக்கொண்டு தைப்பார்கள். என் அம்மா அவர்களில் ஒருத்தி. ஒடுகத்தூர்ப் பக்கத்து எங்கள் கிராமத்திலிருந்து காலையில் கம்பெனி வேனில் ஏறி, மாதனூர் வழியாகப் போய், மாலையில் அதே வேனில் திரும்புவாள்.

அந்தக் கம்பெனியில் முழு ஷூவும் செய்வதில்லை. மேல்பாகத்தை மட்டும் தைத்து, அட்டைப்பெட்டிகளில் அடுக்கி அனுப்பிவிடுவார்கள். அப்பர் என்று அதற்குப் பெயர். அடிப்பாகத்தை வேறு ஏதோ ஒரு நாட்டில் ஒட்டிக்கொள்வார்கள். அதனால் எங்கள் வீட்டுப் பேச்சில் ஷூ என்பது கணுக்காலில் தொடங்கி, பாதம் தரையைத் தொடுவதற்குக் கொஞ்சம் முன்னால் முடிந்துவிடும்.

ஒவ்வொரு மாடலுக்கும் நீளமாக ஒரு நம்பர் உண்டு. தையல் லைனில் யாரும் அதைச் சொல்வதில்லை. பக்கவாட்டில் பெரிய கொக்கி இருந்தால் அது 'போலீஸ்'. தோல் பின்னல் வைத்திருந்தால் 'ஜடை'. உள்ளே பழுப்பு ரோமமும் கழுத்து விளிம்பில் சிவப்பு நாடாவும் வைத்த ஒரு பூட்ஸுக்கு 'கரடி' என்று பெயர். கரடியில் அம்மாவின் வேலை ஒன்றே ஒன்று: லேசுக்கு அடியில் இருக்கும் நாக்கை இரண்டு பக்கமும் மேல்தோலோடு மடித்து இணைப்பது. கம்பெனியில் அதை டங் என்பார்கள். அந்த இணைப்பு சரியில்லை என்றால் பனி உருகி உள்ளே இறங்கிவிடுமாம். 'டங்ல தண்ணி போச்சுன்னா ஆர்டரே போச்சு' என்று ஒவ்வொரு கோடையும் ஒரு சூப்பர்வைசர் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆட்கள் மாறினார்கள், வாக்கியம் மாறவில்லை.

நான் ஜெர்மனிக்கு மேல்படிப்புக்குக் கிளம்பியது ஒரு செப்டம்பர் கடைசியில். கழிவுநீர்ச் சுத்திகரிப்புதான் படிப்பு. தோல் பதனிடும் ஊர்களுக்குப் பக்கத்தில் வளர்ந்தவள் இதைப் படிக்கப்போகிறேன் என்றபோது யாரும் ஏன் என்று கேட்கவில்லை. சென்னை விமான நிலைய வாசலில், எல்லா அம்மாக்களும் சொல்வதையெல்லாம் சொல்லி முடித்த பிறகு அம்மா என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"பாப்பா, அங்க பனி வுழும் இல்ல?"

"வுழும்மா."

"கரடிய போட்டுக்கினு பனில நடந்து பாரு. தண்ணி உள்ள போவுதா இல்லியான்னு பாத்துச் சொல்லு."

"இதுக்காமா நான் படிக்கப் போறேன்?"

"படிச்சிக்கோ, யாரு வாணாம்னாங்க? படிச்சது போக மீதி நேரத்துல பாரு. இத்தினி வருசமா தைக்கறேன். போச்சா போவலையான்னு ஒருத்தனும் வந்து சொன்னதில்ல."

"அவனவன் ஊருக்குப் போறவங்ககிட்ட சாக்லேட்டு, சென்ட்டுன்னு கேக்கறான்" என்றார் அப்பா. "இவ இன்னாடான்னா ஈரம் கேக்கறா."

அதுவரை எனக்குப் பனி தெரிந்தது வேலூர் நூலகத்தில் எடுத்துப் படித்த ரஷ்ய நாவல்களின் மொழிபெயர்ப்புகளில்தான். அத்தியாயத்துக்கு ஒருவராவது வாசலில் நின்று பூட்ஸிலிருந்து பனியைத் தட்டிவிட்டு உள்ளே வருவார்கள். அத்தனை ஆயிரம் பக்கங்களில் எவருடைய காலுறையாவது நனைந்ததா என்று எந்த ஆசிரியரும் எழுதியதாக எனக்கு ஞாபகம் இல்லை. இந்த விஷயத்தில் இலக்கியம் அம்மாவுக்கு உதவாது.

நான் போய்ச் சேர்ந்தது கிழக்குப் பகுதியில் ஒரு சிறிய நகரம். மாணவர் விடுதியில் ஒரு சமையலறையை மூன்று பேர் பகிர்ந்துகொண்டோம். ஒருத்தி மதுரைக்காரி. இன்னொருவர் கானா நாட்டுக்காரர், எங்களைவிட மூத்தவர், எதையும் சிரிக்காமல் செய்பவர். விசாவுக்காக முன்கூட்டியே கட்டிவைத்த பணத்துக்கு, மூவருக்கும் வங்கி மாதத்தில் ஒருநாள்தான் வாசலைத் திறக்கும், அளந்து கொடுக்கும், மூடிக்கொள்ளும். ஆனால் அந்த வருடத்தைப்போல நான் எப்போதும் சிரித்ததில்லை.

அங்கே வீட்டுக்கு வேண்டாத பொருள்களை அட்டைப்பெட்டியில் போட்டு, 'எடுத்துக்கொள்ளுங்கள்' என்று எழுதி நடைபாதையில் வைத்துவிடுவார்கள். மாதக்கடைசியில் வீடு மாற்றுபவர்கள் அதிகம் என்பதை நான் இரண்டாம் மாதமே கவனித்தேன். அதிலிருந்து ஒவ்வொரு மாதக்கடைசியிலும் மூவரும் மாலை நடைக்குக் கிளம்புவோம். நாற்காலிகள், ஒரு மேசைவிளக்கு, கைப்பிடி இல்லாத வாணலி எல்லாம் அப்படி வந்தவைதான். ஒருநாள் கட்டம் கட்டமாக அச்சு உள்ள ஒரு மின்சாரச் சுடுகருவி கிடைத்தது. அந்த ஊர்க்காரர்கள் அதில் வாஃபிள் என்ற இனிப்பு அப்பம் சுடுவார்களாம். மதுரைக்காரி அதில் தோசைமாவை ஊற்றினாள். கட்டம் போட்ட தோசை வந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் சட்னி தேங்கி நின்றது. கானாக்காரர் நான்கு தின்றுவிட்டு, "இந்தியாவில் இதை எப்போது கண்டுபிடித்தார்கள்?" என்று மரியாதையாகக் கேட்டார். "போன செவ்வாய்க்கிழமை" என்றேன். தேதி விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

காலி பாட்டிலைக் கடையில் உள்ள இயந்திரத்தில் போட்டால் காசுக்கு ரசீது வரும். விடுதியில் விருந்து நடந்த மறுநாள் காலை நாங்கள்தான் முதலில் எழுந்திருப்போம். "எங்கூர்ல பாட்டில் பொறுக்குனா ஒரு மாதிரிப் பாப்பாக" என்பாள் மதுரைக்காரி, பையை இறுக்கிக் கட்டியபடி. "இங்கன பாரு, மெசினே ரசீது குடுத்து மரியாதை பண்ணுது." அந்த ரசீதில் மூன்று பேருக்கும் வாரக்கடைசி ஐஸ்கிரீம் ஆகிவிடும்.

இதற்கு நடுவே அம்மாவின் வேலை இருந்தது. டிராமில் எல்லோரும் கைபேசியைப் பார்ப்பார்கள். நான் கால்களைப் பார்ப்பேன். நவம்பர் நடுவில் கரடியைக் கண்டுபிடித்தேன், ஆனால் காலில் அல்ல. ஒரு பெரிய கடையின் கண்ணாடிக்குப் பின்னால், தனி விளக்கு வெளிச்சத்தில், ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தது. அதே ரோமம், அதே சிவப்பு நாடா. விலைச்சீட்டைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு படமெடுத்து அனுப்பினேன்.

அம்மாவின் குரல்பதிவு வந்தது. "இன்னாடி இது, நாங்க தெச்சது மாதிரியே இல்ல, சினிமாக்காரி மாதிரி இருக்குது! போட்டுப் பாத்தியா? தண்ணி போவுதா?"

கடைக்குள் பனி இல்லையே என்று மதுரைக்காரியிடம் புலம்பினேன்.

"அதுக்கென்னடி, போட்டுப் பாக்கேன்னு வாங்கி மாட்டிக்கிட்டு, பாத்ரூம்ல குழாயத் திறந்து ரெண்டு காலையும் காட்டிட்டு வந்துரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, ஊருக்கு அனுப்பி வச்சுருவாய்ங்க. அம்மாட்ட நேர்ல சொல்லிக்கலாம்."

பிப்ரவரி முதல் ஞாயிறன்று ஆற்றங்கரை வாகன நிறுத்துமிடத்தில் பழைய பொருள்கள் சந்தை. நாங்கள் எப்போதும் முடியும் நேரத்துக்குத்தான் போவோம். திரும்பத் தூக்கிப்போக மனமில்லாமல் பாதி விலைக்குத் தருவார்கள். ஒரு பெரியவர் கடையை மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய பிளாஸ்டிக் கூடையில், ஒரு சுவர்க்கடிகாரத்துக்கும் மீன்வலைக்கும் நடுவில், சிவப்பு நாடா தெரிந்தது.

நான் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். நாக்கை வெளியே இழுத்து, இரண்டு பக்க மடிப்பையும் விரித்து, தையல் வரிசையை நகத்தால் தடவிப் பார்த்தேன். ரோமத்தை ஊதிப் பார்த்தேன். மேல்தோலை அழுத்தி, விட்டு, மோந்துகூடப் பார்த்தேன். பெரியவர் மூட்டை கட்டுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். உள்ளே இருந்த துணிச்சீட்டில் போர்ச்சுகலின் பெயர் இருந்தது. சந்தேகம் வந்து, படங்களை அனுப்பினேன். ஊரிலும் ஞாயிறு என்பதால் அம்மா உடனே கூப்பிட்டாள்.

"லேபிள்ல எந்த ஊர வேணா எழுதிக்கட்டும். அந்த டங் எங்க லைனுது. முடியற எடத்துல மூணு தையல் திருப்பி அடிச்சிருக்குது பாரு, அது நாங்க அடிக்கறது."

"நீ தெச்சதாமா?"

"நான் தெச்சதா, பக்கத்து மிசின்காரி தெச்சதா, அது எப்டிடி தெரியும்? எங்க லைனு. அவ்ளோதான். வாங்கிடு. மழையில கிழையில போட்டுக் கெடுத்துடாத. பனிக்குன்னு வை."

ஒரு அளவு பெரியது. இரண்டு காலுறை போட்டால் சரியாகிவிடும். பெரியவர் கேட்டதில் பாதிக்கு வாங்கினேன். மதுரைக்காரி ஒரு வாரம் குடிக்கும் காபியைவிடக் கம்மி. அவர் மீன்வலையையும் இலவசமாகத் தரப் பார்த்தார். கானாக்காரர் யோசித்துவிட்டு வேண்டாம் என்றார்.

பூட்ஸை தீபாவளித் துணியைப்போலக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். நகரத்தில் அந்தக் குளிர்காலம் முழுக்கத் தூறலும் சேறும்தான், நிற்கிற பனியைக் காணோம். பனிக்கு மலைக்குப் போகவேண்டும். அங்கே உள்ளூர் ரயில்களில் ஐந்து பேர்வரை சேர்ந்து ஒரே நாள்சீட்டு எடுக்கலாம். ஆள் சேரச்சேர ஒரு தலைக்கு ஆகும் செலவு இறங்கும். தேர்வுகள் முடிந்ததும், பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை கிளம்பினோம். அது ஜனவரி என்று மதுரைக்காரி இன்றும் சாதிக்கிறாள். ஜனவரியில் நாங்கள் புத்தகத்தைவிட்டுத் தலை நிமிரவில்லை. அன்று மலையில் எடுத்த படத்திலும் தேதி இருக்கிறது. ஆனால் அவளிடம் சாட்சியம் எடுபடாது.

ரயில் நிலையத்தில் மதுரைக்காரி, ஆள் பிடிக்கும் ஷேர் ஆட்டோக்காரரைப்போல, பனியில் ஊன்றி நடக்கும் தடி வைத்திருந்த ஒரு மூதாட்டியை மடக்கிவிட்டாள். அவரும் அதே மலைக்கு, தனியாக. சீட்டில் நான்காவது பெயராகச் சேர்ந்துகொண்டார். திரும்பும்போதும் ஒன்றாகவே வரவேண்டும் என்பதால் பகல் முழுக்க எங்களோடு இருந்தார். எங்கள் எலுமிச்சைச் சோற்றுக்குப் பதிலாகத் தன் ரொட்டியில் பாதியைக் கொடுத்தார். எங்களுக்கு அவர் மொழி அரைகுறை. ஆனால் உருளைக்கிழங்கு வறுவலைச் சாப்பிட்டுவிட்டு அவர் விட்ட மூச்சுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

மலையில் பனி முழங்காலளவு இருந்தது. சறுக்குவண்டியை வாடகைக்கு விட்டார்கள். நாங்கள் வாடகைப் பலகையைப் படித்துப் பார்த்துவிட்டு, கொண்டுவந்திருந்த அரிசிச் சாக்குகளை எடுத்தோம். இலங்கைத் தமிழர் கடையில் வாங்கும் பொன்னி அரிசி பளபளப்பான பிளாஸ்டிக் சாக்கில் வரும். உள்ளே பழைய தலையணையை வைத்துக் கட்டி, மேலே உட்கார்ந்து தள்ளிக்கொண்டால் வாடகை வண்டியைவிட வேகமாகப் போகும். கானாக்காரர் முதலில் இறங்கினார். முதுகு நிமிர்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், நீதிபதி நாற்காலியில் போவதுபோலச் சரிவு முழுக்கப் போய் ஒரு புதருக்குள் மறைந்தார். உள்ளேயிருந்து, "மிகவும் நன்று" என்று குரல் வந்தது.

நான் கரடியோடு ஏறினேன், சறுக்கினேன், விழுந்தேன், மறுபடி ஏறினேன். பூட்ஸின்மேல் பனி கட்டிகட்டியாக ஒட்டியது, உருகியது, வழிந்தது. நாலாவது சறுக்கலிலிருந்து இடது பாதம் மரத்ததுபோல இருந்தது. குளிர் என்று நினைத்தேன். வேலூர் வெயிலில் வளர்ந்தவளுக்குக் குளிருக்கும் ஈரத்துக்கும் வித்தியாசம் அவ்வளவு சுலபத்தில் பிடிபடாது.

சாப்பாடு முடிந்ததும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே பொழுது சாய்ந்து, ஷிப்ட் முடிந்து, வேன் கிளம்பியிருந்தது. மெஷின் பக்கம் கைபேசி எடுத்துப்போக முடியாது. வீட்டுக்குப் போனால் அடுப்பு வேலை. அம்மாவோடு நிம்மதியாகப் பேச வேன்தான் இடம். கானாக்காரர் கைபேசியைப் பிடித்துக்கொள்ள, நான் இரண்டு கால்களையும் பனியில் ஊன்றிக் காட்டினேன்.

"அய்ய, கரடி!" என்று யாரோ கத்தினார்கள். பிறகு அம்மாவின் முகமே தெரியவில்லை. தலைகள் மட்டும்தான்.

"எங்கக்கா, எங்க? நவுரு, நான் பாக்கறேன்."

"நம்ம கரடியா அது? நெசமாவே போட்டுக்கினு நடக்கறாங்களா?"

"இன்னா வெள்ளடி அது! தோலுக்குப் போட உப்பு கொட்டி வச்சா மாதிரி இருக்குது."

"அண்ணா, வண்டிய ஓரமா நிறுத்துண்ணா. மாதனூர் தாண்டுனா டவர் போய்டும்."

"ஆங், டீசல் உங்க மாமனா போடுவான்?" என்றார் டிரைவர். ஆனால் வண்டி ஓரமாக நின்றது தெரிந்தது. அவர் தலையும் வந்து சேர்ந்தது.

அம்மா எப்படியோ கைபேசியைத் திரும்பக் கைப்பற்றினாள். "பாப்பா, கயட்டு. கயட்டிப் பாத்துச் சொல்லு."

எல்லாத் தலைகளும் திரையை நெருங்கின. வலது பூட்ஸைக் கழற்றினேன். காலுறை காய்ந்திருந்தது. தூக்கிக் காட்டினேன். கைதட்டினார்கள். இடதைக் கழற்றினேன். குதிகால் பக்கம் சொதசொதவென்று இருந்தது. கையில் பிடித்ததும் ஒரு சொட்டு பனியில் விழுந்தது. மறைக்க முடியாது, கானாக்காரர் கைபேசியை மிகவும் பொறுப்பாகப் பக்கத்தில் கொண்டுவந்து பிடித்திருந்தார்.

அம்மாவின் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். ஏன்தான் கூப்பிட்டோமோ என்றிருந்தது. குளிரில் வியர்த்தது என்று ஏதாவது சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

"எங்க நனைஞ்சிருக்குது?" என்றாள் அம்மா. குரல் மெல்ல வந்தது. "உள்ள கைய வுடு. டங்குக்குக் கீழ தடவு. தையல் ஓரமாவே போ."

கையை விட்டேன். ரோமம் வெதுவெதுப்பாக இருந்தது. "காஞ்சிருக்குதுமா."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு பக்கமும்."

"விரல் பக்கம்?"

"காஞ்சிருக்குது."

"குதிகாலு? மேலயா, கீழயா?"

"மேல இல்லமா. கீழதான் ஈரம்."

"திருப்புடி. திருப்பி மடி அத."

பூட்ஸைக் கவிழ்த்து இரண்டு கையாலும் வளைத்தேன். குதிகாலுக்கு முன்னால் அடிப்பாகம் மேல்தோலைவிட்டு மீன் வாய்போலத் திறந்தது. உள்ளே பனி அடைந்திருந்தது.

"சோலு!" என்று ஒரு குரல். அடுத்த நொடி வேன் முழுக்கச் சத்தம்.

"சோலுடி! சோல் வுட்டுக்கினு இருக்குது!"

"அது நம்ம வேலையே இல்லியே!"

"அக்கா, நாம அப்பர்தான அனுப்பறோம். ஒட்டுனது அந்த லேபிள் ஊர்க்காரன்!"

"ரீவொர்க் போடச் சொல்லு அவனுக்கு! முடிக்காம வீட்டுக்குப் போவக் கூடாதுன்னு சொல்லு!"

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தோள் குலுங்கியது. டிரைவர் ஹாரனை இரண்டு முறை அடித்தார். மூதாட்டிக்கு ஒன்றும் புரியவில்லை என்றாலும் அவரும் கைதட்டினார்.

சிரித்து ஓய்ந்ததும் அம்மா கேட்டாள். "ஆமா, வாங்கறப்ப மடிச்சுப் பாக்கலயா நீ? சின்னப் புள்ளகூட ஷூவ எடுத்தா சோலத்தான் மொதல்ல மடிச்சுப் பாக்கும்."

"பாக்கலமா. டங்கத்தான் பாத்தேன்."

அம்மா கைபேசியை முகத்துக்கு அருகே கொண்டுவந்தாள். பிறகு, "சரி வுடு" என்றாள். "நானா இருந்தாலும் அதத்தான் பாத்திருப்பேன். கால நனைய வச்சுக்கினு நிக்காத, போ."

மூதாட்டி தன் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையை உதறி நீட்டினார். சைகையில் சொல்லிக்கொடுத்தார்: காய்ந்த காலுறை, அதன்மேல் பை, அதன்மேல் பூட்ஸ். நடந்தால் சரசரவென்று சத்தம் கேட்டது. "கரடி பேசுதுடி" என்றாள் மதுரைக்காரி. அந்தச் சத்தத்தோடு இன்னும் நிறைய முறை சறுக்கினேன். திரும்பும் ரயிலில் மூதாட்டி உட்பட நால்வரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து தூங்கினோம்.

அடுத்த வாரம் ஒரு குழாய்ப் பசை வாங்கி, அடியை ஒட்டி, மேலே முழு அரிசிச் சாக்கை ஒருநாள் முழுக்க ஏற்றி வைத்தேன். அதற்கடுத்த குளிர்காலத்திலும் அந்த பூட்ஸ்தான். அதன் பிறகு காலுறை நனைந்ததில்லை.

அம்மா பக்கத்தில் நடந்ததை நான் அந்த வருடம் மே மாதம்தான் கேட்டேன். கரடிக்கு மறுபடி ஆர்டர் வந்திருந்தது. சூப்பர்வைசர் புதியவர், சின்ன வயது. அம்மாவின் மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, "இந்த டங்கப் பாத்துத் தைங்கம்மா, தண்ணி உள்ள போய்டும்" என்றாராம்.

அம்மா மெஷினை நிறுத்தவில்லை. "போவாது சார். பாத்தாச்சு."

"பாத்தாச்சா? யாரு பாத்தது?"

பக்கத்து மெஷின்காரி நூலைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னாளாம்: "அங்க நம்ம ஆளு ஒண்ணு இருக்குது சார்."